கோடையில் பல்கலைக்கழக ஆய்வு: அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளைகளுக்கு முழு வழிகாட்டி

பிப்ரவரி பிறந்ததும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பொண்ணு லெவன்த் படிக்கிறா, சம்மருக்கு ஏதாவது ரிசர்ச் புரோகிராம் இருக்கா?" இருக்கிறது. ஆனால் நல்லவை பலவற்றுக்கு அதற்குள் கடைசி தேதி முடிந்திருக்கும், அல்லது பத்து நாளில் முடியும்.

இந்த வேலையில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் இல்லை. முதலில் பெரிய பெயர்களாகப் பட்டியல் போட்டு, பிறகு கட்டுரை எழுதி, கடைசி வாரத்தில் ஆசிரியரிடம் கடிதம் கேட்கிறவர்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

1. முதலில் நான்கு விவரங்களைக் காகிதத்தில் எழுதுங்கள்

எந்தத் திட்டத்தின் பக்கத்தையும் திறப்பதற்கு முன் வகுப்பு, வயது, குடியுரிமை நிலை, கோடையில் காலியான தேதிகள் என்ற நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பாதியை இவையே கழித்துவிடும். இரண்டு வாரம் கட்டுரை எழுதிய பிறகு "தகுதி இல்லை" என்ற வரியைப் படிப்பதைவிட இது மேல்.

வகுப்பு: ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலானவை பதினொன்றாம் வகுப்பு முடித்துப் பன்னிரண்டுக்குப் போகிறவர்களுக்கானவை. பத்தாம் வகுப்புக்குச் சில உண்டு, ஒன்பதுக்கு மிகக் குறைவு. ஆர்.இ.யூ. என்ற பெயரில் தேடினால் கிடைக்கும் நீளமான பட்டியல் கல்லூரி மாணவர்களுக்கானது. ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஆசையோடு வரும்.

வயது: ரசாயனமும் உயிரி மாதிரிகளும் கையாளும் ஆய்வகங்களில் 16 வயது என்ற வரம்பு சாதாரணம். ஸ்டான்ஃபோர்டு மருத்துவக் கல்லூரியின் எஸ்.ஐ.எம்.ஆர். திட்டம் தொடங்கும் நாளில் 16 நிறைந்திருக்க வேண்டும். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கிளார்க் ஸ்காலர்ஸ் திட்டத்துக்கு 17. ஒரு வகுப்பு தாண்டிப் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறந்த தேதியைத் திட்டம் தொடங்கும் நாளோடு ஒப்பிடுங்கள், விண்ணப்பிக்கும் நாளோடு ஒப்பிட வேண்டாம்.

குடியுரிமை நிலை: நம் வீடுகளில் இதுதான் பெரிய தலைவலி. எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைக்கு எஸ்.ஐ.எம்.ஆர். கிடையாது, சிட்டிசனாகவோ க்ரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். அரசு ஆய்வகங்கள் பலவற்றிலும் இதே கதைதான். மாறாக, சம்மர் சயன்ஸ் புரோகிராம் என்ற எஸ்.எஸ்.பி.யும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கும் ப்ராமிஸ் என்ற கணிதத் திட்டமும் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கின்றன. இன்னொன்று: எச்-4ல் வேலை செய்து பணம் வாங்க அனுமதி இல்லை. அதனால் ஸ்டைபெண்ட் என்ற உதவித்தொகை தரும் திட்டம் என்றால், "பணம் வாங்காமல் சேரலாமா, இந்த விசாவில் இதற்கு இடம் உண்டா" என்று அவர்களிடமே எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

தேதிகள்: நியூஜெர்சி, நியூயார்க் பக்கம் பள்ளி ஜூன் மூன்றாவது, நான்காவது வாரம்வரை ஓடும். சில திட்டங்கள் ஜூன் நடுவிலேயே தொடங்கிவிடும். தேர்வுகளை முன்கூட்டி எழுத முடியுமா என்று பள்ளிக் கவுன்சிலரிடம் டிசம்பரிலேயே கேட்கலாம். அப்புறம், ஊருக்கு டிக்கெட். மலிவாகக் கிடைக்கிறது என்று நவம்பரில் ஜூலை டிக்கெட் போட்டுவிட்டு, ஏப்ரலில் இடம் கிடைத்ததும் விழிக்கிற குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நடுவில் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ள இந்தத் திட்டங்கள் அநேகமாக விடாது. பதினொன்றாம் வகுப்புக் கோடைக்கு டிக்கெட்டை ஏப்ரலுக்குப் பிறகு போடுங்கள், அல்லது தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

2. பெயரைப் பார்க்காதீர்கள், வகையைப் பாருங்கள்

பல்கலைக்கழக வளாகத்தில் கோடையில் நடப்பதெல்லாம் ஆய்வு இல்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையில் பிள்ளைக்கு ஒரு ஆய்வகத்தில் இடமும், வழிகாட்ட ஒரு மென்டரும் கிடைக்கும். எம்.ஐ.டி.யில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. (ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிட்யூட்) இந்த வகை. 1984ல் தொடங்கியது, ஆறு வாரம், ஏறக்குறைய நூறு பேர். முதல் வாரம் வகுப்பு, பிறகு மென்டரோடு ஆய்வு, கடைசியில் எழுத்தில் ஒரு ஆய்வறிக்கையும் மேடையில் ஒரு உரையும். கட்டணம் இல்லை. கிளார்க் ஸ்காலர்ஸ் ஏழு வாரம், எடுப்பது பன்னிரண்டு பேரை மட்டும். ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் திட்டமும், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரைஸ் திட்டத்தில் இன்டர்ன்ஷிப் பிரிவும் இதே வகை. ரைஸுக்குக் கட்டணம் உண்டு.

இரண்டாவது வகையில் கேள்வி முன்பே முடிவாகியிருக்கும், குழுவாகச் செய்வார்கள். 1959லிருந்து நடக்கும் எஸ்.எஸ்.பி.யின் வானியற்பியல் பிரிவு நல்ல உதாரணம். பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளை இரவில் தொலைநோக்கி வழியாகப் படம் பிடித்து, அதன் இடத்தை அளந்து, சுற்றுப்பாதையைக் கணக்கிடும் நிரலைப் பிள்ளைகளே எழுதுவார்கள். "கேள்வி நம்முடையது இல்லையே" என்று சிலர் இதைக் குறைவாக நினைக்கிறார்கள். என் கணிப்பில், ஆய்வில் முன் அனுபவமே இல்லாத பிள்ளைக்கு முதல் வகையைவிட இது நல்லது. முதல் வகையில் மென்டர் பிஸியாக இருந்துவிட்டால் ஆறு வாரமும் சோதனைக்குழாய் கழுவியே போய்விடும். இங்கே தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு முழு ஆய்வைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது வகை, பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட கட்டண வகுப்பு. ப்ரீ-காலேஜ் என்று எழுதியிருக்கும். பாடம் நன்றாகவே இருக்கலாம், ஆனால் அது ஆய்வு இல்லை. சில இடங்களில் வளாகத்தை வாடகைக்கு எடுத்து வெளி நிறுவனம் நடத்தும். "உங்கள் பிள்ளை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்" என்று தங்க எழுத்தில் தபால் வந்தால் இந்த வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும். நடத்துவது பல்கலைக்கழகத் துறையா, வெளியாரா? ஒரு மென்டருக்கு எத்தனை பிள்ளைகள்? முடிவில் பிள்ளை எதைக் கையில் கொண்டு வரும்: அறிக்கையா, போஸ்டரா, சான்றிதழ் மட்டுமா? கட்டணம் இருந்தால், வருமானம் பார்த்துச் சலுகை உண்டா? எஸ்.எஸ்.பி.யில் அந்தச் சலுகை உண்டு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூ.சி.) வளாகங்களில் நடக்கும் காஸ்மோஸ் நான்கு வாரத் திட்டத்திலும் உண்டு. "கட்டணம் அதிகம்" என்று பக்கத்தை மூடும் முன் சலுகைப் பகுதியைப் படியுங்கள்.

மூன்று வகையிலிருந்தும் அள்ளிப் போட்டுப் பன்னிரண்டு விண்ணப்பம் அனுப்ப வேண்டாம். நான்கு அல்லது ஐந்து போதும். அதற்கு மேல் போனால் கட்டுரைகளில் பெயரை மட்டும் மாற்றி ஒட்டத் தோன்றும். வாசிக்கிறவருக்கு அது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். எம்.ஐ.டி. திட்டத்துக்கான கட்டுரையில் வேறு பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டு வைத்த பிள்ளைகளும் உண்டு.

3. நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஆர்.எஸ்.ஐ.க்குக் கடைசி தேதி டிசம்பரில் வந்துவிடும். மற்றவை பெரும்பாலும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை. முடிவுகள் மார்ச், ஏப்ரலில்.

இதில் ஒரு பொறி உண்டு. ஜனவரியில் கடைசி தேதி என்றால் டிசம்பர் இறுதி முழுக்க நமக்குக் கிடைக்கும் என்று பிள்ளைகள் கணக்குப் போடுகிறார்கள். அந்த நேரத்தில் பள்ளி மூடியிருக்கும். கவுன்சிலர் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலை அனுப்ப மாட்டார், ஆசிரியர் மெயில் பார்க்க மாட்டார். ஆகவே பிறர் செய்ய வேண்டியவை எல்லாம் டிசம்பர் முதல் வாரத்துக்குள் கேட்டு முடிந்திருக்க வேண்டும். பிள்ளை தனியாகச் செய்யக்கூடிய கட்டுரையை மட்டும் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில திட்டங்களில் பள்ளிதான் மாணவரை முன்மொழிய வேண்டும், அதிலும் ஒரு பள்ளிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு இருக்கும். சைமன்ஸ் அப்படி நடந்து வந்த ஒன்று. அப்படியானால் உண்மையான கடைசி தேதி பள்ளிக்குள்ளே, இன்னும் முன்னால் இருக்கும். அது இணையதளத்தில் இருக்காது, கவுன்சிலரைத்தான் கேட்க வேண்டும்.

4. கட்டுரைக்கு முன் பரிந்துரைக் கடிதம்

பெரும்பாலான திட்டங்கள் ஒன்று அல்லது இரண்டு கடிதம் கேட்கும், அறிவியல் அல்லது கணித ஆசிரியரிடமிருந்து. விண்ணப்பத்தில் உங்கள் கையில் இல்லாத பகுதி இது ஒன்றுதான். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

யாரிடம் கேட்பது? ஏ பிளஸ் போட்டவரிடம் என்று பதில் வரும். தவறு. பிள்ளை ஒரு சோதனை சொதப்பி, மறுபடி செய்து, ஏன் சொதப்பியது என்று வகுப்பு முடிந்து நின்று கேட்டதைப் பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள். "கடினமாக உழைப்பவர், அமைதியானவர், வீட்டுப்பாடத்தைச் சரியாக முடிப்பவர்" என்ற கடிதம் நம் பிள்ளைகளுக்கு ஏராளமாக வருகிறது. அதை வைத்துக்கொண்டு ஆய்வகத்தில் இடம் கொடுக்க யாருக்கும் காரணம் கிடைக்காது. மென்டருக்குத் தெரிய வேண்டியது, சொல்லித் தராத இடத்தில் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையா? அப்படியானால் செப்டம்பரிலிருந்தே வாரம் ஒருமுறை ஆசிரியரிடம் போய் ஒரு கேள்வி கேட்கப் பழக்குங்கள். கடிதத்துக்கான நடிப்பாக இல்லாமல், உண்மையாகவே புரியாததைக் கேட்டால் போதும்.

நேரில் கேட்க வேண்டும், ஒரு மாதம் முன்னால். "எனக்கு நல்ல கடிதம் எழுத உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் இடம் இருக்கும். தயங்குகிறாரா? நன்றி சொல்லிவிட்டு இன்னொருவரிடம் போங்கள்.

சரி என்று சொன்ன அன்றே ஒரு பக்கத் தாள் கொடுங்கள். அதில் திட்டங்களின் பெயர், ஒவ்வொன்றின் கடைசி தேதி, கடிதம் எங்கிருந்து கேட்கப்படும் என்ற விவரம், அவர் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்கள் இருக்கட்டும். விருதுப் பட்டியலைவிட அந்தச் சம்பவங்கள்தான் அவருக்கு உதவும். விண்ணப்பத்தில் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்ற கட்டம் வந்தால் சம்மதம் கொடுங்கள். மாணவர் பார்க்க முடியாத கடிதத்துக்குத்தான் மதிப்பு. கடைசி தேதிக்கு ஒரு வாரம் முன் பணிவாக ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். பெற்றோர் ஆசிரியருக்கு மெயில் போட வேண்டாம். ஒரு வரிகூட வேண்டாம்.

5. கட்டுரை: ஒரு கேள்வியைத் துரத்திய கதை

"சிறு வயதிலிருந்தே எனக்கு அறிவியல் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கட்டுரைகள் குவியலாக வருகின்றன. அந்த வரியை எடுத்துவிட்டால் கட்டுரைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

ஒரு சின்ன விஷயத்தை எடுத்து, அதில் பிள்ளையின் மூளை எப்படி ஓடியது என்று காட்டுங்கள். மிச்சிகன் குளிரில் இட்லி மாவு புளிக்காது; அம்மா ஓவன் விளக்கைப் போட்டு உள்ளே வைப்பார். பல வீடுகளில் நடப்பதுதான். இதைப் பார்த்த ஒரு பிள்ளை, ஒரே மாவை நான்கு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, இரண்டில் உப்புப் போட்டு, இரண்டில் போடாமல், ஒரு ஜோடியை ஓவனுக்குள்ளும் இன்னொன்றைச் சமையல் மேடையிலும் வைக்கலாம். மணிக்கொரு முறை மாவின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, பி.எச். தாளில் புளிப்பையும் பார்க்கலாம். உயரமும் புளிப்பும் சேர்ந்தே போகின்றனவா? இல்லையென்றால் ஏன்? டம்ளர் ஓரத்தில் ஒட்டிய மாவால் அளவு தப்பியதா? அடுத்த முறை எதை மாற்றினால் தெரியும்? 400 சொல்லில் இதை எழுதினால் கேள்வி, கட்டுப்பாடு, அளவீடு, பிழை, அடுத்த சோதனை என்று ஆய்வு செய்கிறவருக்கு வேண்டிய அத்தனையும் அதில் வந்துவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பது இன்னும் நல்லது.

தலைப்பைப் பெரிதாக்குவது அடுத்த தவறு. "புற்றுநோயைக் குணப்படுத்த விரும்புகிறேன்" என்பவரை எந்த மென்டரிடம் அனுப்புவது என்று தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. "மருந்துக்குப் பிறகும் சில செல்கள் ஏன் பிழைக்கின்றன, அதை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்றால் தெரியும்.

எழுத்துப் பிழையைப் பெற்றோர் பார்க்கலாம். வாக்கியத்தை மாற்றினால் நாற்பத்தைந்து வயதுக்காரரின் குரல் வந்துவிடும், அது ஒளிந்திருக்காது. ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பது பற்றித் திட்டத்துக்குத் திட்டம் விதி இருக்கும். அதைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

6. இணையாக, பக்கத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு மெயில்

திட்டங்களில் இடம் குறைவு. நல்ல பிள்ளைகளும் நிராகரிக்கப்படுவார்கள். ஆகவே முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஜனவரி, பிப்ரவரியிலேயே வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் உள்ள பல்கலைக்கழகங்களில் நேரடியாகக் கேளுங்கள். மே மாதம் கேட்டால் அந்த இடம் கல்லூரி மாணவருக்குப் போயிருக்கும்.

அனுப்பும் முன் அந்தக் குழுவின் ஒரு ஆய்வுக் கட்டுரையாவது படிக்க வேண்டும். சுருக்கத்தைப் படியுங்கள், பிறகு நேராகப் படங்களுக்குப் போங்கள், அப்புறம் செய்முறை. எல்லாம் புரிய வேண்டியதில்லை. எது புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

பெரும்பாலான மெயில்கள் இப்படி இருக்கின்றன: "தங்கள் ஆய்வு என்னைப் பிரமிக்க வைத்தது. நான் கடின உழைப்பாளி. தங்களிடம் பணியாற்ற வாய்ப்புத் தருமாறு வேண்டுகிறேன்." இதை எந்தத் துறைப் பேராசிரியருக்கும் அனுப்பலாம், அதனால் எவரும் பதில் போடுவதில்லை. இதைப் பாருங்கள்: "உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கட்டுரையில் மூன்றாவது படத்தில் செல்களைக் கையால் எண்ணியதாக இருக்கிறது. இமேஜ்-ஜே மென்பொருளில் அதைச் செய்து பழகியிருக்கிறேன். ஒட்டிக்கொண்டிருக்கும் செல்களைப் பிரிப்பது எனக்கு வரவில்லை. அதை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள்? ஜூன் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் முதல் வாரம்வரை வாரம் 20 மணி நேரம் என்னால் வர முடியும். வயது 16." படிப்பவருக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது, முடிவெடுக்கத் தேவையான விவரமும் இருக்கிறது. இமேஜ்-ஜே அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள், பழகக் காசு வேண்டாம்.

ஒரே துறையில் பத்துப் பேருக்கு ஒரே நாளில் ஒரே மெயில் அனுப்பாதீர்கள். அவர்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்காருகிறவர்கள். முனைவர் பட்ட மாணவர்களுக்கும், பட்டம் முடித்து ஆய்வைத் தொடரும் போஸ்ட்டாக்குகளுக்கும் எழுதலாம். பிள்ளையோடு தினமும் உட்காரப்போவது அவர்கள்தான். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஆய்வகத்துக்குள் போக அனுமதி கிடைப்பது கடினம் என்பதால், தரவுகளைக் கணினியில் அலசும் குழுக்களைக் கேளுங்கள். பைத்தான் நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறந்து வரைபடம் போடத் தெரிந்தால் தொடங்கலாம்.

பதில் வரவில்லையா? பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டுங்கள். பிறகு விட்டுவிடுங்கள்.

7. இடம் கிடைத்ததும்

பதில் சொல்லக் கெடு இருக்கும், சில இடங்களில் சில நாட்கள்தான். வேறொன்றின் முடிவுக்குக் காத்திருந்தால் கூடுதல் நாள் கேளுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு விலகுவது அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இடைஞ்சலாகலாம்.

தடுப்பூசிச் சான்று, மருத்துவக் காப்பீடு, பெற்றோர் கையொப்பம், ஆய்வகப் பாதுகாப்புப் பயிற்சி என்று படிவங்கள் வரும். மே முதல் இரண்டு வாரம் ஏ.பி. என்ற கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகள். அதற்கு முன்பே முடித்துவிடுங்கள், ஏனென்றால் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காத பிள்ளையை முதல் நாள் உள்ளே விட மாட்டார்கள்.

8. முதல் வாரம் ஆய்வகத்தில்

முதல் வாரம் ஒன்றும் புரியாது. எல்லோருக்கும் அப்படித்தான். நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம்: தலையாட்டிவிட்டு, இரவில் யூடியூபில் தேடுவது. மென்டர் சொன்னதைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்லி "சரிதானே?" என்று கேட்கப் பழக்குங்கள். தப்பாகப் புரிந்துகொண்டு மூன்று நாள் செய்த வேலை வீணாவது இதனால் தவிரும்.

குறிப்பேட்டில் தேதி போட்டு, பேனாவில், செய்யும்போதே எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், கிழிக்க வேண்டாம். பைப்பெட்டில் எத்தனை மைக்ரோலிட்டர் எடுத்தோம் என்பது மாலையில் நினைவிருக்காது. எதையாவது கொட்டிவிட்டால், மாதிரி மாறிப்போனால், அந்த நிமிடமே சொல்லிவிட வேண்டும். திட்டுவார்களோ என்று மறைத்த தவறு, அடுத்த ஒரு மாத வேலையைக் கெடுக்கும்.

கட்டுரையில் தன் பெயர் வருமா என்று முதல் வாரம் கேட்காதீர்கள். ஆறு வாரத்தில் பெயர் வரும் அளவுக்கு வேலை முடிவது அபூர்வம்.

9. கிளம்பும் முன்

கடைசி வாரம் போஸ்டரிலும் உரையிலும் ஓடிவிடும். அதற்கு நடுவில் இவற்றை முடித்தாக வேண்டும்.

தரவும் படங்களும் ஆய்வகத்துடையவை. எதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், எதை வெளியே காட்டலாம் என்று மென்டரிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். வெளியாகாத முடிவை உற்சாகத்தில் லிங்க்ட்இனில் போட்டு, குழுவைச் சங்கடத்தில் ஆழ்த்திய பிள்ளைகளும் உண்டு.

இலையுதிர்காலத்தில் ரீஜெனரான் எஸ்.டி.எஸ். என்ற தேசிய அறிவியல் போட்டிக்கு அனுப்ப நினைத்தால், அது பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மட்டும், கடைசி தேதி நவம்பர் தொடக்கத்தில் வரும். ஐசெஃப் என்ற சர்வதேசப் போட்டிக்கு வழிவிடும் அறிவியல் கண்காட்சி என்றால், பல்கலைக்கழக ஆய்வகத்தில் செய்த வேலைக்கு 1சி என்ற படிவத்தை அங்கே மேற்பார்வை செய்தவர் சோதனை முடிந்த பிறகு நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். மனிதர்களையோ முதுகெலும்புள்ள விலங்குகளையோ வைத்துச் செய்த சோதனை என்றால் தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், பின்னால் வாங்க முடியாது. செப்டம்பரில் மென்டர் கருத்தரங்குக்குப் போயிருப்பார், போஸ்ட்டாக் வேறு ஊருக்கு வேலை மாறியிருப்பார். படிவத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி வெள்ளிக்கிழமைக்கு முன் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடிதம் தருவாரா என்பதையும் அப்போதே கேட்கலாம்.